டிம்மர் போட்டா எல்இடி ஏன் மினுக்குது? எதை வாங்கணும், எப்படி மாட்டணும்?

வீட்ல டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுற ஸ்விட்ச், ஏற்கனவே இருக்கு, குண்டு பல்பு எரிஞ்ச காலத்துல ஒரு குறையும் இல்ல, கரண்ட் மிச்சமாகட்டும்னு பல்பை மட்டும் எல்இடியா மாத்துறோம், அங்க ஆரம்பிக்குது தலைவலி. பாதி திருப்புனா மினுக்குது, இன்னும் கொஞ்சம் திருப்புனா டக்குனு அணைஞ்சுடுது, திரும்ப ஏத்துனா பாதி தூரம் வரைக்கும் ஒன்னுமே வராம திடீர்னு பளிச்னு எரியுது, சுவத்துக்குள்ள இருந்து வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வேற. சிலருக்கு ஆஃப் பண்ணிட்டு படுத்தப்புறமும் பல்பு மங்கலா எரிஞ்சுக்கிட்டே கிடக்கும். உடனே பல்பு மட்டம்னு பல்பை மாத்துவோம், அப்பவும் சரியாகலன்னா டிம்மர் போச்சுன்னு அதை மாத்துவோம். பெரும்பாலும் ரெண்டுமே நல்ல பொருள்தான், ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகல, அவ்ளோதான் விஷயம்.

நானும் பட்டவன்தான். ஹால்ல 6 குண்டு பல்பு, ஒவ்வொன்னும் 60 வாட், ஆக மொத்தம் 360 வாட். டிம்மரோட முதுகுல 60 முதல் 400 வாட் வரைன்னு அச்சடிச்சிருந்துச்சு, அதை நான் திருப்பிப் பாக்கவே இல்ல. ஆறையும் கழட்டிட்டு 7 வாட் எல்இடி மாட்டுனேன், மொத்தம் 42 வாட். அன்னைக்கு ராத்திரியே ஹால் டிஸ்கோ மாதிரி ஆயிடுச்சு. 42ங்கிறது 60ஐ விட கம்மிங்கிற ஒன்னாங்கிளாஸ் கணக்கு எனக்கு உறைக்க மூணு நாள் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு பல்பை வேற மாத்திப் பாத்துட்டேன். அந்த 42க்கும் 60க்கும் நடுவுல என்னதான் நடக்குதுன்னு புரிஞ்சுட்டா மீதி எல்லாம் ஈசி, அதனால மொதல்ல அங்க இருந்தே வர்றேன்.

டிம்மர்னா தண்ணிக் குழாய் மாதிரி, திருகத் திருக கரண்ட் கம்மியா வரும்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆரம்ப கால டிம்மர் அப்படித்தான் இருந்துச்சு, பெரிய ரெசிஸ்டர் ஒன்னை வழியில வெச்சு கரண்ட்டை சூடா மாத்தி வீணடிக்கும், வீட்டு சுவத்துக்குள்ள அதை வெக்கவும் முடியாது. 1959ல ஜோயல் ஸ்பைராங்கிறவர் செமிகண்டக்டர் வெச்சு ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ள அடங்குற அளவுக்கு ஒரு டிம்மர் செஞ்சார், 1961ல லூட்ரான்ங்கிற கம்பெனியும் ஆரம்பிச்சார். இப்ப நம்ம வீட்டு சுவத்துல இருக்குறது எல்லாமே அந்த வழியில வந்ததுதான். இது குழாய் இல்ல, கத்தி.

எதை வெட்டுதுன்னு பாக்கலாம். வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் ஒரே மட்டத்துல வர்றதில்ல, மேல ஏறி கீழ இறங்கி அலை மாதிரி வரும். 50 ஹெர்ட்ஸ் சப்ளைன்னா செகண்டுக்கு 50 அலை, ஒவ்வொரு அலைக்கும் மேல ஒரு மேடு கீழ ஒரு மேடு, ஆக செகண்டுக்கு 100 மேடு, ஒவ்வொன்னும் 10 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் இருக்குற ஊருன்னா 120 மேடு. டிம்மர் பண்றது என்னன்னா ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு துண்டை நறுக்கித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை மட்டும் பல்புக்கு அனுப்புது. நடுவுல வெச்சீங்கன்னா 5 மில்லிசெகண்ட் கரண்ட் வராது, 5 மில்லிசெகண்ட் வரும், இதே செகண்டுக்கு 100 தடவை. குண்டு பல்புல இருக்குற டங்ஸ்டன் கம்பி பழுக்கக் காய்ஞ்சு கிடக்கும், அந்த 5 மில்லிசெகண்ட்ல அது பெருசா ஆறாது, அதனால நமக்கு ஒரே சீரா வெளிச்சம் கம்மியான மாதிரி தெரியும். அதுக்கு எப்படி வெட்டிக் குடுத்தாலும் கவலையே இல்ல, மந்தமான ஆளு.

எல்இடி பல்பு அப்படி கிடையாது. அதோட அடிப்பாகத்துக்குள்ள டிரைவர்னு ஒரு குட்டி சர்க்யூட் இருக்கு, உள்ள வர்ற ஏசியை டிசியா மாத்தி, ஒரு கபாசிட்டர்ல தேக்கி வெச்சு, எல்இடி சில்லுகளுக்கு எப்பவும் ஒரே அளவு கரண்ட் குடுக்குறதுதான் அதோட வேலை. வோல்டேஜ் ஏறுனாலும் இறங்கினாலும் வெளிச்சம் மாறக்கூடாதுன்னே டிசைன் பண்ணது. அதுக்கு முன்னாடி ஒரு டிம்மரை வெச்சா, நீங்க குறைக்கக் குறைக்க அது ஈடுகட்டப் பாக்கும், ஒரு கட்டத்துல முடியாம அணைஞ்சுடும், அணைஞ்சதும் கபாசிட்டர்ல கொஞ்சம் கரண்ட் சேரும், திரும்ப எரியும், திரும்ப அணையும். அந்த மினுக்கல் இதுதான். டிம்மபிள் எல்இடின்னு விக்கிற பல்புல இருக்குற டிரைவர் வேற மாதிரி, வர்ற அலையில எவ்ளோ வெட்டியிருக்குன்னு அளந்து பாத்து, ஓ, இவங்க 30 சதவீதம் கேக்குறாங்கன்னு புரிஞ்சு எல்இடிக்குப் போற கரண்ட்டை அதுக்கேத்த மாதிரி குறைக்கும். அட்டையில டிம்மபிள்னு போடாத பல்பை டிம்மர்ல மாட்டாதீங்க, ஃபுல்லாவே வெச்சு எரிக்கிறேன்னு சொல்லி மாட்டுறதும் வேண்டாம், டிரைவர் சீக்கிரமே போயிடும், சூடும் ஆகும்.

சரி, பல்பு டிம்மபிள்தான், அப்பவும் ஏன் தகராறுன்னா, வெட்டுறதுல ரெண்டு ஸ்டைல் இருக்கு. மேட்டோட முன்பக்கத்தை வெட்டுறது ஒன்னு, இதுக்கு லீடிங் எட்ஜ்னு பேரு, பழைய டிம்மர் எல்லாம் இந்த ரகம்தான், உள்ள ட்ரையாக்னு ஒரு பொருள் இருக்கும். பின்பக்கத்தை வெட்டுறது இன்னொன்னு, ட்ரெய்லிங் எட்ஜ், உள்ள டிரான்சிஸ்டர் வகை ஸ்விட்ச் இருக்கும். முன்பக்கத்தை வெட்டுனா என்ன ஆகும்னு கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. மேட்டோட முதல் பாதியில பல்புக்கு ஒன்னுமே வரல, சரியா உச்சியில இருக்கும்போது ட்ரையாக் திறக்குது. 230 வோல்ட் சப்ளைல உச்சிங்கிறது கிட்டத்தட்ட 325 வோல்ட். ஆக பூஜ்யத்துல இருந்து ஒரே தாவுல 325, அதுவும் காலியா இருக்குற கபாசிட்டர் மேல. கபாசிட்டர் அதை லபக்னு விழுங்கும், அந்த ஒரு கணம் கரண்ட் எகிறும், இப்படி செகண்டுக்கு 100 அடி. உய்ங்னு வர்ற சத்தத்துக்குக் காரணம் இதுதான், பல்புக்குள்ளயும் டிம்மருக்குள்ளயும் இருக்குற காயில், கபாசிட்டர் எல்லாம் ஒவ்வொரு அடிக்கும் லேசா அதிரும். ட்ரெய்லிங் எட்ஜ்ல அலை பூஜ்யத்துல இருந்து மெதுவா தானா ஏறும், போதும்ங்கிற இடத்துல டிரான்சிஸ்டர் மூடிக்கும். தாவலே இல்ல. எல்இடிக்கு பொதுவா இதுதான் ஒத்துவரும், சத்தமும் கம்மி. என்னைக் கேட்டா எல்இடிக்குன்னே புதுசா வாங்குறவங்க கண்ணை மூடிட்டு ட்ரெய்லிங் எட்ஜ் பக்கம் போங்கன்னுதான் சொல்வேன், ஆனா பல்பு கம்பெனிக்காரன் லீடிங் எட்ஜ்தான் வேணும்னு எழுதியிருந்தா அவன் பேச்சைத்தான் கேக்கணும்.

இப்ப அந்த 42 வாட் கதைக்கு வர்றேன். ட்ரையாக் எப்படின்னா, தானா சாத்திக்கிற ஸ்பிரிங் கதவு மாதிரி. ஆள் போய்க்கிட்டே இருந்தாத்தான் திறந்து நிக்கும், வரிசை மெலிஞ்சா பட்டுனு சாத்திக்கும். அதுக்குள்ள குறைஞ்சபட்சம் இவ்ளோ கரண்ட் ஓடணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதைத்தான் டிம்மர் முதுகுல குறைந்தபட்ச லோடுன்னு போடுறாங்க, லோடுன்னா அதுல மாட்டுற பல்புகளோட மொத்த வாட். 6 குண்டு பல்பு இருந்தப்போ பெரிய கூட்டம், கதவு சாத்தவே இல்ல. 7 வாட் எல்இடி ஆறு சேர்ந்தா நாலு பேர் போற மாதிரிதான், நடுவுல நடுவுல கதவு சாத்திக்குது. பல்பை எத்தனை தடவை மாத்துனாலும் இது தீராது. எல்இடிக்குன்னு வர்ற டிம்மர்ல குறைந்தபட்ச லோடு சில வாட்லயே ஆரம்பிக்கும், வாங்கும்போது மொதல்ல பாக்க வேண்டியது அந்த சின்ன நம்பரைத்தான். நாம எல்லாரும் பெரிய நம்பரைத்தான் பாக்குறோம்.

பெரிய நம்பர்லயும் ஒரு ஏமாத்து இருக்கு. டிம்மர்ல 400 வாட்னு போட்டிருந்தா 7 வாட் எல்இடி 57 மாட்டலாம்னு வகுத்துப் பாக்காதீங்க. அந்த 400 குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடி சராசரியா கம்மியா இழுத்தாலும், மேல சொன்ன மாதிரி ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு கணம் எகிறுது இல்லையா, டிம்மர் தாங்க வேண்டியது அந்த எகிறலை. அதனால நல்ல டிம்மர்ல எல்இடிக்குன்னு தனியா ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது பல சமயம் குண்டு பல்பு நம்பர்ல கால்வாசிகூட இருக்காது. அந்தத் தனி நம்பரே இல்லாத டிம்மர்னா அது எல்இடியை மனசுல வெச்சு செஞ்சதே இல்லன்னு எடுத்துக்கலாம், ஓரமா வெச்சுட்டு அடுத்ததைப் பாருங்க. சில டிம்மர்ல ஆர், எல், சின்னு ஆங்கில எழுத்து இருக்கும். ஆர்னா குண்டு பல்பு, ஹாலஜன் மாதிரி சாதா லோடு, எல்னா இரும்பு கோர் டிரான்ஸ்பார்மர், லீடிங் எட்ஜ் கேக்கும், சின்னா கபாசிட்டர் தன்மை உள்ள எலக்ட்ரானிக் லோடு, ட்ரெய்லிங் எட்ஜ் கேக்கும். மூணும் சேர்ந்திருந்தா ரெண்டு ஸ்டைல்லயும் வெட்டத் தெரிஞ்ச யுனிவர்சல் டிம்மர், வெல கூட ஆனாலும் பல்பை அடிக்கடி மாத்துறவங்களுக்கு அது நிம்மதி.

வாங்குற வரிசையும் முக்கியம். டிம்மரை மொதல்ல வாங்கிட்டு அதுக்குப் பல்பு தேடுறதை விட, புடிச்ச பல்பை மொதல்ல முடிவு பண்ணுங்க, அந்தக் கம்பெனியோட வெப்சைட்ல எந்தெந்த டிம்மர்ல டெஸ்ட் பண்ணோம்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல இருந்து டிம்மரை எடுங்க. அப்புறம் ஒரே ஒரு பல்பு மட்டும் வாங்கி டெஸ்ட் பண்றது பத்தாது, ஏன்னா ஒரு பல்புக்கு ஒழுங்கா எரியாத டிம்மர் ஆறு பல்புக்கு ஒழுங்கா எரியும், தலைகீழாவும் நடக்கும். ஒரே டிம்மர்ல மாட்டுறது எல்லாமே ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கட்டும், ரெண்டு மாடல் கலந்தா ஒன்னு 20 சதவீதத்துல இருக்கும்போது இன்னொன்னு அணைஞ்சே போயிருக்கும்.

பல்பு அட்டையில 10 சதவீதம் வரை டிம் ஆகும்னு போட்டிருந்தா, அட போதுமேன்னு தோணும். போதாது. நம்ம கண்ணு இருட்டுக்குத் தானா பழகிக்கும், கண்மணியை விரிச்சுக்கும், அதனால மீட்டர் வெச்சு அளந்தா 25 சதவீத வெளிச்சம் கண்ணுக்குப் பாதி மாதிரி தெரியும், 10 சதவீதம்ங்கிறது மூணுல ஒரு பங்கு மாதிரி தெரியும். வர்க்கமூலம் எடுக்குற கணக்கு அது. சாப்பாட்டு மேஜைக்கு மேல 10 சதவீதம் ஓகே, பெட்ரூம்ல குழந்தை தூங்குற நேரத்துக்கு வேணும்னா 1 சதவீதம் வரை இறங்குற பல்பா பாருங்க, அதுவே கண்ணுக்கு 10 சதவீதம் மாதிரிதான் இருக்கும். இன்னொரு விஷயம், குண்டு பல்பு மங்க மங்க நிறம் சிவந்துக்கிட்டே போகும், அந்தி வெளிச்சம் மாதிரி. கெல்வின்ங்கிறது வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற நம்பர், அது குறையக் குறைய நிறம் சிவக்கும். சாதா எல்இடி 2700 கெல்வின்னா எவ்ளோ குறைச்சாலும் அதே 2700தான், வெளிச்சம் மட்டும் குறையும், சிலருக்கு அது சாம்பல் பூத்த மாதிரி உயிரில்லாம தெரியும். அந்தப் பழைய சிவப்பு வேணும்னா வார்ம் டிம்னு தனியா ஒரு வகை இருக்கு, குறைக்கக் குறைக்க 2700ல இருந்து 1800, 2000 பக்கம் இறங்கும். எனக்கு அது இல்லாம ஒப்பல, ஆனா இது முழுக்க அவங்கவங்க ரசனை.

டிம்மரே மாட்டக்கூடாத இடங்களும் இருக்கு. போன் ஆப்ல வெளிச்சம் குறைக்கிற ஸ்மார்ட் பல்பை டிம்மர்ல போடாதீங்க, அதுக்குள்ளயே டிம்மிங் இருக்கு, அதுக்கு எப்பவும் முழு அலை வேணும். ஃபேன் ரெகுலேட்டர் சும்மா கிடக்குதே, லைட்டுக்குப் போடலாமான்னு கேக்குறவங்க நிறைய, கூடாது, அது மோட்டாருக்குன்னு கணக்குப் போட்டு செஞ்சது, எல்இடி டிரைவர் அதுக்கு எப்படி நடந்துக்கும்னே சொல்ல முடியாது. லைட் டிம்மரை ஃபேனுக்குப் போடுறதும் தப்பு, மோட்டார் உறுமும், சூடாகும். சீலிங்ல ஓரமா ஒட்டுற ஸ்ட்ரிப் லைட் 12 இல்ல 24 வோல்ட் டிசில ஓடும், அதுக்கு முன்னாடி இருக்குற அடாப்டர் சாதா அடாப்டர்னா சுவத்து டிம்மர் அதுல வேலைக்கே ஆகாது. அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவுல வெக்கிற குட்டி டிசி டிம்மர் கிடைக்கும், பிடபிள்யூஎம்னு சொல்லுவாங்க, அது ரொம்ப வேகமா ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்தைக் குறைக்கும், அதை வெக்கலாம். இல்லன்னா சுவத்து டிம்மரோட சேர்ந்து வேலை செய்யுற டிம்மபிள் டிரைவரா வாங்கணும். தனி டிரைவரோட வர்ற டவுன்லைட்டுக்கும், அதாவது சீலிங்ல பதிக்கிற லைட்டுக்கும், இதே கதை, லைட்டை விட்டுட்டு டிரைவர் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அதுல 0 முதல் 10 வோல்ட்னோ டாலின்னோ போட்டிருந்தா அதுக்குத் தனியா கண்ட்ரோல் வயர் இழுக்கணும், நாம இங்க பேசுற டிம்மர் அதுக்கு செட்டாகாது.

மாட்டுறதுக்கு வருவோம். உங்க இடத்துல இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்யணும்னு சட்டம் இருந்தா அவங்களையே கூப்பிடுங்க, கீழ சொல்றது அவங்க என்ன பண்றாங்கன்னு புரிஞ்சுக்கவாவது உதவும். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு தடவை, மெயினை அணைச்சுட்டு, பழைய ஸ்விட்ச்சை முன்னால இழுத்து பாக்ஸுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடுங்க. ரெண்டு விஷயம் தெரியணும். பாக்ஸ் எவ்ளோ ஆழம், ஏன்னா டிம்மர் சாதா ஸ்விட்ச்சை விட குண்டா இருக்கும், உள்ள வயரை அமுக்கித் திணிச்சா சூடு போக வழி இருக்காது. அடுத்தது அங்க நியூட்ரல் வயர் இருக்கான்னு. நிறைய வீட்ல ஸ்விட்ச் பாக்ஸுக்கு ஃபேஸ் மட்டும் வந்து, ஸ்விட்ச்ல இருந்து லைட்டுக்கு ஒரு வயர் போகும், நியூட்ரல் நேரா லைட்டுக்கே போயிருக்கும். அப்படி இருந்தா ரெண்டு வயர் டிம்மர்தான் வாங்க முடியும். அது தன் வேலைக்கு வேணும்ங்கிற சொற்ப கரண்ட்டையும் பல்பு வழியாத்தான் எடுத்துக்கும், அதனாலதான் குறைந்தபட்ச லோடு பிரச்சினை அதுல ஜாஸ்தி. நியூட்ரல் இருந்தா மூணு வயர் டிம்மர் வாங்குங்க, அது பல்பை நம்பாம தானே மூச்சு விடும், கம்மி வாட் லைட்டுக்கு அது ரொம்ப ஒழுங்கா இருக்கும்.

வேலை அன்னைக்கு அந்த லைட்டோட எம்சிபியை, அதாவது மெயின் போர்டுல கரண்ட் எகிறுனா தானா விழுற ஸ்விட்ச்சை, அணைங்க, வீட்ல மத்தவங்க தெரியாம ஏத்திடாம சொல்லி வைங்க. அப்புறம் கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணணும், இதுல ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. டெஸ்டரை மொதல்ல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச வேற ஒரு சாக்கெட்ல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாருங்க, அடுத்து இந்த பாக்ஸ்ல ஒவ்வொரு வயர்லயும் வைங்க, முடிச்சுட்டு திரும்ப அந்த சாக்கெட்ல வெச்சுப் பாருங்க. நடுவுல டெஸ்டரே செத்துப் போயிருந்தா, கரண்ட் இல்லன்னு நம்பி கைய வெச்சுடுவோம், அதுக்குத்தான் இந்த மூணு தடவை. நியான் எரியுற ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பாதீங்க, மல்டிமீட்டரோ ரெண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரோ இருந்தா நல்லது. ஒரே பாக்ஸுக்குள்ள ரெண்டு எம்சிபில இருந்து வயர் வந்திருக்குற வீடெல்லாம் உண்டு, அதனால பாக்ஸுக்குள்ள இருக்குற அத்தனையையும் தொட்டுப் பாத்துடுங்க, டெஸ்டராலதான்.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோ எடுத்துக்கோங்க. எந்த வயர் ஃபேஸ், எது லைட்டுக்குப் போறதுன்னு சின்ன டேப் ஒட்டிக் குறிச்சுடுங்க, நிறத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, முன்னாடி வேலை பாத்தவர் கையில என்ன நிறம் இருந்துச்சோ அதைத்தான் போட்டிருப்பார். சாதா ஸ்விட்ச்ல இந்த ரெண்டும் மாறுனா ஒன்னும் ஆகாது, டிம்மர்ல அப்படி விளையாட முடியாது. டிம்மர் முதுகுல எல்னு போட்ட ஓட்டைக்கு ஃபேஸ், அம்புக்குறியோ அலை மாதிரி குறியோ போட்ட ஓட்டைக்கு லைட்டுக்குப் போற வயர், மூணு வயர் டிம்மர்னா என்னு போட்டதுக்கு நியூட்ரல், மெட்டல் தகடு இருந்தா எர்த் கட்டாயம். லைட்டுக்குப் போற ஓட்டையில நியூட்ரலை மாட்டி ஆன் பண்ணா நேரா ஷார்ட், டிம்மர் அந்த நிமிஷமே காலி, எம்சிபி விழுறதுக்குள்ள உள்ள இருக்குறது கருகியிருக்கும். டிம்மர் வர்றது ஃபேஸ் வழியிலதான், நியூட்ரல் வழியில எப்பவும் இல்ல. ஒயர் தோலை டிம்மர் முதுகுல கோடு போட்டுக் காட்டியிருக்குற நீளத்துக்கு மட்டும் உரிங்க, செம்பு வெளிய தெரியவும் கூடாது, பிளாஸ்டிக் தோல் ஸ்க்ரூ அடியில மாட்டவும் கூடாது. முறுக்குனதும் ஒவ்வொரு வயரையும் ஒரு இழு இழுத்துப் பாருங்க. லூசா இருக்குற ஸ்க்ரூவும் மினுக்கலைத் தரும், அதை விட மோசமா அங்க சூடு கிளம்பி பிளாஸ்டிக் உருகும்.

மாடிப்படி மாதிரி ரெண்டு இடத்துல இருந்து போடுற டூ-வே லைட்ல ரெண்டு பக்கமும் திருகுற டிம்மர் போடணும்னு ஆசைப்படாதீங்க. ஒருத்தன் வெட்டுனதை இன்னொருத்தன் திரும்ப வெட்டுவான், அலையில ஒன்னும் மிஞ்சாது. ஒரு பக்கம் டூ-வே வசதி உள்ள டிம்மர், மறுபக்கம் பழைய டூ-வே ஸ்விட்ச் அப்படியே இருக்கட்டும், அங்க இருந்து ஆன் ஆஃப் மட்டும் பண்ணலாம். ரெண்டு பக்கமும் குறைச்சு ஏத்தியே ஆகணும்னா, ஒரு பக்கம் எலக்ட்ரானிக் டிம்மர், மறுபக்கம் அழுத்தி விட்டா திரும்ப எழுந்துக்கிற காலிங் பெல் மாதிரி பட்டன், அப்படி ஒரு வகை இருக்கு, அதை மேனுவல் பாத்து மாட்டணும். ரெண்டு மூணு டிம்மரை ஒரே பிளேட்ல பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் ஒன்னோட சூடு இன்னொன்னுக்குப் போகும், அப்ப ஒவ்வொன்னுலயும் மாட்டுற லோடை மேனுவல்ல சொன்ன அளவுக்குக் குறைக்கணும். டிம்மர் முகம் லேசா வெதுவெதுன்னு இருக்குறது சகஜம்தான், கைய வெக்க முடியாத சூடுன்னா உடனே அணைச்சுடுங்க.

எம்சிபியை ஏத்தி லைட்டைப் போட்டாச்சு, எரியுது. இன்னும் ஒரு வேலை இருக்கு, பாதி பேர் இதைச் செய்யுறதே இல்ல. நல்ல எல்இடி டிம்மர்ல ஒரு குட்டி ஸ்க்ரூவோ, இல்ல பட்டனை நீளமா அழுத்துனா வர்ற செட்டிங்கோ இருக்கும், குறைந்தபட்ச வெளிச்சத்தை எங்க நிறுத்தணும்னு சொல்றதுக்கு. டிம்மரை ஒரேயடியா கீழ இறக்குங்க, பல்பு மினுக்குனா இல்ல ஒன்னு ரெண்டு அணைஞ்சா, எல்லாமே நிதானமா எரியுற வரைக்கும் அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு, அதே அடி நிலையில திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க, எல்லா பல்பும் உடனே பத்துதா? பத்தலன்னா இன்னும் ஒரு முடி ஏத்துங்க, ஏன்னா எரிஞ்சுக்கிட்டு இருக்குற பல்பு தாங்குற அளவுல அணைஞ்ச பல்பு எழுந்திரிக்காது. கண்ணுக்குத் தெரியாத மினுக்கலைப் புடிக்க ஒரு பென்சிலை லைட்டுக்கு கீழ வேகமா ஆட்டுங்க, மங்கலா ஒரே பட்டையா தெரிஞ்சா நல்லது, விசிறி மடிப்பு மாதிரி பல பென்சிலா தெரிஞ்சா மினுக்குது. போன்ல ஸ்லோமோஷன் எடுத்தாலும் காட்டிக்குடுக்கும்.

ஆஃப் பண்ண அப்புறமும் மங்கலா எரியுதுன்னா பேய் இல்ல, கசிவு. ரெண்டு வயர் எலக்ட்ரானிக் டிம்மர் ஆஃப்ல இருந்தாலும் தன் உயிருக்குன்னு துளிக் கரண்ட்டை பல்பு வழியா இழுக்கும்னு சொன்னேன் இல்லையா, குண்டு பல்பு அதைக் கண்டுக்காது, எல்இடி டிரைவர் அந்தத் துளித் துளியா வர்றதையும் கபாசிட்டர்ல சேத்து வெச்சு மங்கலா எரியும், இல்ல அப்பப்ப பளிச்னு ஒரு வெட்டு வெட்டும். இதுக்கு பைபாஸ்னு ஒரு சின்னப் பொருள் விக்குது, அதை மாட்ட வேண்டியது டிம்மர்கிட்ட இல்ல, லைட்டுகிட்ட, ஹோல்டருக்குப் போற ரெண்டு வயருக்கும் குறுக்கால. அந்தக் கசிவை அது தன் வழியா விட்டுடும். ஸ்விட்ச்ல குட்டி இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் இதே மங்கல் வரும். ஒருவேளை டிம்மரே இல்லாத சாதா ஸ்விட்ச்லயும் எல்இடி இப்படி எரியுதுன்னா, ஸ்விட்ச்சை ஃபேஸ்ல போடாம நியூட்ரல்ல போட்டிருக்காங்களான்னு உடனே செக் பண்ணுங்க, அப்படி இருந்தா ஆஃப் பண்ணி பல்பு மாத்தும்போதும் ஹோல்டர்ல ஃபேஸ் இருக்கும், ஷாக் அடிக்கும்.

என் ஹால் என்ன ஆச்சுன்னு கேட்டா, பழைய டிம்மரைக் கழட்டிட்டு 5 வாட்ல இருந்து ஆரம்பிக்கிற ட்ரெய்லிங் எட்ஜ் ஒன்னு போட்டேன், அஞ்சு பல்பு வெண்ணெய் மாதிரி இறங்குச்சு, ஆறாவது மட்டும் ஜன்னலோரத்துல உய்ங்னு பாடிக்கிட்டே இருந்துச்சு. ஏணி போட்டு கழட்டிப் பாத்தா, அந்த மூணு நாள் குழப்பத்துல அவசரமா மாத்துன ரெண்டுல ஒன்னு அது, அட்டையைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சா டிம்மபிள்ங்கிற வார்த்தையே அதுல இல்ல. இப்ப அது ஸ்டோர் ரூம்ல சாதா ஸ்விட்ச்ல எரியுது, ஒரு சத்தம் கிடையாது.